கண்டக்டர் இஞ்ஞாசியின் முகம்

இலந்தைவிளையில் மாதா திருவிழா முடிந்த மறுநாள், வெயில் தாழ ஆரம்பிக்கிற நேரத்தில், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் ஒரு டிராக்டர் பெட்டியை நிறுத்தி, அதன்மேல் பலகை போட்டு, சுற்றிலும் பழைய சேலைகளைக் கட்டி ஊர்க்காரர்கள் நடத்துகிற நாடகத்தில், ஒரே ஒருத்தனைத் தவிர எல்லாருக்கும் வேஷம் இருந்தது. சோம்பலுக்குப் பாயும் தலையணையும் உண்டு, பெருந்தீனிக்கு வயிற்றில் கட்டிக்கொள்ள வைக்கோல் மூட்டை உண்டு, பொறாமைக்குப் பச்சைப் பாவாடை உண்டு, மரணத்துக்குக் கறுப்பு அங்கியும் கையில் மணியும் உண்டு, வானதூதர்களான நல்ல சம்மனசுக்கும் கெட்ட சம்மனசுக்கும் ஆளுக்கொரு ஜோடி சிறகு உண்டு, பசாசுக்கோ வாலும் கொம்பும் போதாதென்று வாயிலிருந்து புகைவிட ஊதுபத்திக் கட்டும் உண்டு. இவர்கள் எல்லாரும் சேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டிருக்கிற மனுசனுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. அவன் வீட்டிலிருந்து எந்தச் சட்டையோடு வந்தானோ அதே சட்டையோடு நடுவில் நிற்க வேண்டும்.

இந்த நாடகத்தை ஊருக்குக் கொண்டுவந்தவர் பாதிரியார் செரால்டு சாமி. சீமையிலிருந்து வந்து இங்கேயே கிடந்து இங்கேயே அடங்கினவர். அவர் வருவதற்கு முன்னால் இலந்தைவிளையில் ராசாக்கள் நாடகமும் அர்ச்சிஷ்டவர்கள் என்கிற புனிதர்களின் நாடகமும்தான் நடந்துகொண்டிருந்தன. அவற்றில் வாளெடுத்துச் சண்டை போடாதவனும் வேதத்துக்காகத் தலையைக் கொடுக்காதவனும் திரைக்குப் பின்னால் பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். செரால்டு சாமி ஒருநாள் பூசை முடிந்து சொன்னார்: எங்கள் நாட்டில் ஐந்நூறு அறுநூறு வருஷத்துக்கு முன்னால் ரொட்டி சுடுகிறவனும் தச்சனும் தோல் பதனிடுகிறவனும் வண்டிகளின் மேல் ஏறி, பட்டப்பகலில், தெருத்தெருவாக நாடகம் போட்டார்கள், இன்னும் சில நாடகங்களில் பொறுமையும் பேராசையும் மனுசரைப் போலக் கைகால் வைத்து நடந்து வந்தன, அதற்கெல்லாம் நடுவில் நின்ற கதாநாயகன் ராசாவும் இல்லை, அர்ச்சிஷ்டவனும் இல்லை, அவனுக்குப் பேரே கிடையாது, வெறும் மனுசன். "ராசா இல்லாம என்ன நாடகம் சாமி? யாரு அந்த ஆளு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, சாமி கொஞ்சநேரம் கூட்டத்தைத் துழாவிவிட்டு, கடைசி வரிசையில் முதுகைத் தூணில் தேய்த்துச் சொறிந்துகொண்டிருந்த ஒருத்தரைக் கைகாட்டினார். ஊர் சிரித்தது. ஆனால் அடுத்த திருவிழாவுக்கு நாடகம் நடந்தது, அதற்கப்புறம் மழை வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் நிற்காமல் நடந்தது.

ஒரே கஷ்டம், அந்த மனுசன் வேஷத்துக்கு ஆள் கிடைப்பதுதான். பசாசுக்கு அடிதடி, பெருந்தீனிக்குச் சிபாரிசு, மனுசனுக்கு மட்டும் நாடகத்தை நடத்துகிற அண்ணாவி வீடுவீடாகப் போய்க் கெஞ்ச வேண்டும். அந்த வருஷம் வழக்கமாக நிற்கிற டெய்லர் திருப்பூருக்குக் குடிபோய்விட்டதால், அண்ணாவி சூசைமரியான் மினிபஸ்ஸில் டவுனுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது யாரைப் பிடிக்கலாம் என்று யோசித்து யோசித்து, "கண்டக்டரத்தான் கேட்டுப் பாக்கணும், அவர் எங்க?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். பக்கத்தில் நின்றவர்தான் கண்டக்டர்.

இஞ்ஞாசியின் முகம் அப்படி. அசிங்கமும் இல்லை, அழகும் இல்லை, பார்த்த கண் அடுத்த நிமிஷம் மறந்துவிடுகிற முகம். அவர் டிக்கெட் கிழித்துக் கையில் கொடுத்த பிறகும் ஆட்கள் அவரிடமே "கண்டக்டர் டிக்கெட் தரலியே" என்பார்கள். கல்யாண வீடுகளில் அவருக்கு இரண்டு தடவை சந்தனம் நீட்டுவார்கள், இல்லையென்றால் ஒரு தடவைகூட நீட்ட மாட்டார்கள். அவருக்கு அதில் பெரிய வருத்தம் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. அண்ணாவி கேட்டதும், நிற்பதுதானே, தினமும் பஸ்ஸில் செய்வதுதானே என்று சரி சொன்னார்.

நாடகத்தில் ஓர் இடம் உண்டு. இரண்டு சம்மனசுகளும் மனுசனின் ஆளுக்கொரு கையைப் பிடித்து டிராக்டர் பெட்டியின் விளிம்புக்குக் கொண்டுவந்து நிறுத்த, நல்ல சம்மனசு கூட்டத்தைப் பார்த்து, "சனங்களே, இவனை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்கும். கூட்டம் முழுவதும், "தெரியாது, தெரியாது" என்று கத்திச் சிரிக்கும். அதுதான் வழக்கம். அந்த வருஷம் நல்ல சம்மனசு கேட்டது, கூட்டம் வாயைத் திறந்தது, திறந்த வாயோடு அப்படியே இருந்தது. சாய்ந்த வெயில் இஞ்ஞாசியின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் மணலில் உட்கார்ந்திருந்த மதலேனம்மா கையை ஊன்றி எழுந்து, "தெரியும். இவன் என் தம்பி தொம்மைல்லா" என்றாள். தொம்மை கிணற்றில் விழுந்து செத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. "இல்ல, இது எங்க அப்பா" என்றது ஒரு சின்னப் பெண்; அவள் அப்பா சவூதியில், தம்மாமில் வெல்டர். "எங்க சித்தப்பா." "எம் மவன்." "இந்தா, நம்ம ராயப்பன் வாத்தியார்." ஆளாளுக்கு எழுந்து நின்று ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். நாடகத்தைத் தொடர வேண்டிய கெட்ட சம்மனசு, பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, "மாமா, எப்ப வந்தீங்க?" என்று இஞ்ஞாசியின் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தது. மரணம் மட்டும் தன் கட்டம் வரவில்லையே என்று கொஞ்சநேரம் மணியடித்துப் பார்த்துவிட்டு, பிறகு அதுவும் மணியைக் கீழே வைத்துவிட்டு வந்து வரிசையில் நின்றது.

அன்று முதல் இஞ்ஞாசியைப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அவர் தங்கள் வீட்டு ஆளாகத் தெரிந்தார். குரல் இஞ்ஞாசியின் குரல், நடை இஞ்ஞாசியின் நடை, தோல்பையை இடது பக்கம் மாட்டுவதும் அவரே. முகம் மட்டும் பார்க்கிறவருக்குச் சொந்தமாகிவிட்டது. போட்டோ பிடித்துப் பார்த்தார்கள், போட்டோவில் அவர்களுக்கு நினைவில்லாத யாரோ ஒருவர் இருந்தார், அழித்துவிட்டார்கள். பங்குசாமியார் வென்சி சாமி விசாரிக்கலாம் என்று இஞ்ஞாசியை அறைக்குள் கூப்பிட்டார். கூப்பிட்டவர் நிமிர்ந்து பார்த்ததும் அங்கே தன் அம்மா தோல்பையோடு நிற்பதைக் கண்டு, "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டு அனுப்பிவிட்டு, "பிஷப் கேட்டாச் சொல்லுவோம்" என்றார். பிஷப் கேட்கவில்லை.

ஊர் இதற்குப் பழகிக்கொண்டது, புதிதாக வந்த கரண்டுக்கும் டிவிக்கும் எப்படிப் பழகிக்கொண்டதோ அப்படி. அவர் இஞ்ஞாசிதான், செத்தவர் திரும்பி வரவில்லை, வெளிநாட்டில் இருப்பவர் அங்கேதான் இருக்கிறார் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை, தெரிந்துகொண்டேதான் பார்த்தார்கள். மினிபஸ்ஸில் சில்லறைச் சண்டை நின்றுபோனது, ஏனென்றால் செத்துப்போன மாமாவிடம் எட்டணாவுக்காக யார் சண்டை போடுவார்கள்? பெண்கள் எழுந்து கண்டக்டருக்கு இடம் கொடுத்தார்கள். படிக்காத பிள்ளைகளின் அம்மாக்கள், "அய்யா, ஒரு எட்டு வந்து புஸ்தகத்த எடுலேன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்று கூப்பிட்டார்கள். அவர் வந்து சொன்னதும் பிள்ளைகள், சவூதியிலிருந்து அப்பாவே இறங்கி வந்துவிட்டது போலப் பதறிப் புஸ்தகத்தை விரித்தன. பஸ் முதலாளி அவரைப் பார்க்கும்போதெல்லாம், கோர்ட்டு வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன தன் அண்ணனைப் பார்த்தார். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் கிளம்பி நாகர்கோவிலுக்குப் போய், திரும்பி வரும்போது அண்ணன் வீட்டு நேந்திரங்குலையோடு வந்தார். கடைசியில் ஆசை மிகுந்து, ஒரே நேரத்தில் நாலு வீட்டில் இலை போட்டுக் காத்திருக்க ஆரம்பித்த பிறகு, ஊர்க்கமிட்டி கூடி, யாராக இருந்தாலும் ஒரு காபி குடிக்கிற நேரத்துக்கு மேல் அவரைப் பிடித்து வைக்கக் கூடாது என்று முடிவு செய்தது. முடிவு சொன்ன தலைவரே தனக்கு அன்றைக்கு இரண்டு காபி போட்டுக்கொண்டார்.

இஞ்ஞாசிக்கு இது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பது சின்ன வார்த்தை. நாற்பது வருஷமாக யாரும் திரும்பிப் பார்க்காத மனுசனுக்கு, தெருவில் இறங்கினால் ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு முகம் மலர்ந்தால் எப்படி இருக்கும்? மதலேனம்மா அவருக்கென்று அவித்த பனங்கிழங்கை நார் உரித்து வைத்திருந்தாள். அவர், "நான் தொம்மை இல்லக்கா" என்று ஒவ்வொரு தடவையும் மறக்காமல் சொல்வார். "தெரியும்ல, தின்னு" என்பாள் அவள். இந்த ஒன்றில் மட்டும் அவர் சுத்தமாக இருந்தார், யாரிடமும் தன்னை இன்னொருத்தனாகச் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லாமல் இருந்தது.

அவர் மனைவி ஞானப்பூவிடம்தான் விஷயம் தெளிவாக இல்லை. "ஒனக்கு யாருட்டீ தெரியுது?" என்று தெருப்பெண்கள் அவளைக் கேட்காத நாளில்லை. அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று சொல்லி அவள் உள்ளே போய்விடுவாள். இஞ்ஞாசியும் ஒருதரம் கேட்டார், வேட்டியை மடித்துக்கொண்டே, பெரிதாக ஒன்றுமில்லை என்பது போல. அவள் கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனாள். அவர் மனதில் அது முள்ளாகத் தைத்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஞானப்பூவைப் பம்பாயில் வேலை பார்த்த ஒரு மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். உயரமானவன், மோதிரம் போட்டவன், ஏதோ காரணத்தால் அது நடக்கவில்லை. அவனைத்தான் இவள் பார்க்கிறாள் போலிருக்கிறது, அதுதான் வாய் வரவில்லை என்று அவராக முடிவு செய்துகொண்டார். அதற்கப்புறம் வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வருவது குறைந்தது. தன்னைக் கண்டால் மலர்கிற வாசல்கள் ஊரில் எத்தனையோ இருக்க, ஒன்றும் சொல்லாத வாசலுக்கு எதற்கு அவசரமாகப் போக வேண்டும்? ஞானப்பூ சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள், பிறகு தனியாகச் சாப்பிடப் பழகினாள். ஊர் முழுக்கச் சந்தோஷமாக இருந்த காலத்தில், ஊரின் சந்தோஷத்துக்குக் காரணமான வீடு மட்டும் சத்தமில்லாமல் கிடந்தது.

கிறிஸ்மஸ் கழிந்து, வெயில் மறுபடியும் ஏற ஆரம்பித்திருந்த ஒரு நாள், டவுன் பஸ்நிலையத்தில் ஒரு பெண் மினிபஸ்ஸில் ஏறினாள். விளாத்திகுளம் பக்கத்து ஊர்க்காரி, பெயர் பூரணம். சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்துக்கு வந்துவிட்டுத் திரும்பினவள், தவறிப்போய் வேறு பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவள் புருஷன் தங்கையா லாரி டிரைவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு அஸ்ஸாமுக்குப் போனவன், லாரி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. இஞ்ஞாசி டிக்கெட் கேட்டுக் குனிந்ததும் பூரணம் நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு பை, தண்ணீர்பாட்டில் எல்லாவற்றையும் நிதானமாகப் பக்கத்து ஸீட்டில் வைத்துவிட்டு எழுந்து, ஓங்கி அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

"ஒம்போது வருசம்!" என்றாள். "யோவ், ஒம்போது வருசமா இங்கனதான் டிக்கெட்டு கிழிச்சிக்கிட்டு இருக்கியா?"

பஸ் நின்றது. இஞ்ஞாசி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, எல்லாரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னார்: "யம்மா, நான் அவர் இல்ல." இலந்தைவிளைக்காரர்களுக்கு அந்த வார்த்தை போதும். அவள் இலந்தைவிளைக்காரி இல்லையே. அவள் அவர் சட்டையைப் பிடித்தாள், விடவில்லை. டிரைவர் லியோவுக்கு வேறொன்றும் தோன்றாததால், நடுவில் எங்கும் நிறுத்தாமல் பஸ்ஸை நேரே கோயில் மைதானத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினான்.

ஊர் கூடியது. பூரணத்துக்கு மோர் கொடுத்து, வேப்பமர நிழலில் உட்கார வைத்து, நடந்ததை எல்லாரும் சொன்னார்கள். "எனக்கு இவர் எங்க அப்பா மாதிரித் தெரியிறார்மா." "எனக்கு எம் மவன்." "எனக்கு எந் தம்பி தொம்மை, அவன் செத்து எம்புட்டோ காலமாச்சு." பூரணம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இவர்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து ஓடிவந்த ஒருத்தனை ஒளித்து வைத்திருக்கிறார்கள், அதற்கு இப்படி ஒரு பைத்தியக்காரக் கதையைக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் அவளுக்குப் பட்டது. யாருக்குத்தான் படாது? அவள் கத்தவில்லை. இஞ்ஞாசியைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "சரி, இன்னொருத்தி கூட இருக்கீங்க, இருங்க. மகளுக்குக் கல்யாணம் பண்ணி வச்சேன், ஒத்தையாளா நின்னு. அவளுக்காவது ஒரு வார்த்தை சொல்லி விடுங்க. நாந்தான் ஒங்கப்பன்னு ஒரு வார்த்தை. போயிருதேன்" என்றாள்.

கூட்டத்தில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். லியோ இஞ்ஞாசியின் பக்கத்தில் வந்து காதோடு, "சொல்லிருங்கண்ணே. ஒரு வார்த்தைதானே. பாவம், நிம்மதியாப் போகும்" என்றான். அண்ணாவி சூசைமரியானும் தலையாட்டினார். நாடகத்தில் ஒருபோதும் வசனம் இல்லாமல் நின்ற மனுசனிடம் இப்போது ஊரே வசனம் கேட்டது. இஞ்ஞாசிக்கும் வாய்வரை வந்தது. சொன்னால் என்ன? அவள் கும்பிட்டுவிட்டுப் போவாள், ஊர் மெச்சும், மதலேனம்மா கிழங்கு அவிப்பாள். ஆனால் பூரணம் வீட்டுக்குப் போய், தன் புருஷன் உயிரோடு ஒரு பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறான், தன்னை வேண்டாமென்று இருக்கிறான் என்று மிச்ச காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாளே என்று அவருக்குத் தோன்றியது. அதோடு அந்தத் தங்கையா. எங்கோ மலைப்பாதையில் செத்துக் கிடந்தவனோ, நோய்வந்து ஆஸ்பத்திரியில் பேரில்லாமல் போனவனோ, அவன் செய்யாத துரோகத்தை அவன் தலையில் கட்டுவதா?

"ஞானப்பூ" என்று கூப்பிட்டார் இஞ்ஞாசி.

அவள் கூட்டத்தின் ஓரத்தில், ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"ஒனக்கு நான் யாராத் தெரிஞ்சாலும் சரி. பம்பாய்க்காரனாத் தெரிஞ்சாலும் சரி. அத இவங்ககிட்டச் சொல்லு. நீயும் சொன்னாத்தான் இவங்க நம்புவாங்க."

"எந்தப் பம்பாய்க்காரன்?" என்றாள் ஞானப்பூ, நிஜமாகவே விளங்காமல்.

"பிறகு யாரு தெரியுது ஒனக்கு?"

ஞானப்பூ தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. "யாரும் தெரியல" என்றாள். "எனக்கு நீங்க நீங்களாத்தான் தெரியுதீங்க. மொத நாள்ல இருந்தே அப்படித்தான். ஊர்ல எல்லாருக்கும் மாதா ஒரு அதிசயத்தக் காட்டுதா, பிறந்த பிள்ளைக்குக்கூடக் காட்டுதா, எனக்கு மட்டும் காட்டல. நான் என்ன பாவம் செஞ்சேனோ. எப்படி வெளிய சொல்ல? வெக்கமா இருந்துச்சு."

இஞ்ஞாசி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். மாதக்கணக்காக வாசல்வாசலாகத் திரிந்து சேர்த்த சந்தோஷம் எல்லாம் ஒரு பக்கமும், இவள் இப்போது சொன்ன இந்த ஒன்று மறுபக்கமுமாக அவருக்குத் தலை சுற்றியது.

பூரணம் எழுந்து வந்தாள். இத்தனை பேரில் இவள் ஒருத்தி சொல்வதுதான் அவள் காதில் ஏறியது, ஏனென்றால் இவள் ஒருத்திதான் அதிசயம் எதையும் சொல்லவில்லை. "நீ பாக்குறது எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். "சொல்லு தாயி. ஒம் புருசன் எப்படி இருப்பாரு?"

ஞானப்பூ தயங்கி இஞ்ஞாசியைப் பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள், சந்தையில் காணாமல்போன ஆட்டுக்கு அடையாளம் சொல்கிற மாதிரி, சாதாரணமாக. "நெத்தி சின்னது. முன்னால முடி ஏறிட்டு வருது, அவருக்குத் தெரியாது, நான் சொல்லல. இடது புருவத்துல ஒரு வெட்டு. கிணத்து உருளை கழண்டு விழுந்தது."

அவள் சொல்லச் சொல்ல, கூடியிருந்தவர்களின் கண் முன்னால், அவரவர் வீட்டு ஆளின் நெற்றி போய் ஒரு சின்ன நெற்றி வந்தது. ஒழுங்கான புருவங்களில் ஒரு வெட்டு விழுந்தது. தம்மாம் வெல்டரின் மகள், "அம்மா, அப்பா போறாங்க" என்று வீரிட்டாள். அப்போதுதான் என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் பிடிபட்டது. "போதும் ஞானப்பூ, நிறுத்து" என்றார் ஊர்த்தலைவர். மதலேனம்மா இஞ்ஞாசியின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்ல தம்பி. வேண்டாம்னு சொல்லுல. ஒன்ன மறுபடி கிணத்துல போடச் சொல்லுதியா?" என்று கெஞ்சினாள்.

இஞ்ஞாசி கூட்டத்தைப் பார்த்தார். இனி இந்த வாசல்கள் மலராது. பஸ்ஸில் இடம் கொடுக்க மாட்டார்கள், சில்லறைக்குச் சண்டை போடுவார்கள், கண்டக்டர் எங்கே என்று அவரிடமே கேட்பார்கள். மதலேனம்மாவின் கையை விலக்காமலே, "நீ சொல்லு ஞானப்பூ" என்றார்.

"மூக்கு நுனி உருண்டையா இருக்கும். வேர்த்தா அங்கதான் மொதல்ல வேர்க்கும். சிரிப்ப அடக்கும்போது வலது கன்னத்துல மட்டும் ஒரு குழி விழும். வாய்விட்டுச் சிரிச்சா விழாது. கீழ் உதடு கொஞ்சம் கனம். பொய் சொன்னா காது செவக்கும், அதனால எங்கிட்டச் சொல்லுததில்ல. தாடையில இந்தப் பக்கம் தாடி மொளைக்காது, ஒரு காசளவு எடம்..."

வென்சி சாமியின் அம்மாவுடைய மூக்கு போனது. பஸ் முதலாளியின் அண்ணனுடைய தாடை போனது. ஒருவர் பின் ஒருவராக ஊரின் செத்தவர்களும் தூரத்தில் இருப்பவர்களும் ராயப்பன் வாத்தியாரும் கொஞ்சம் கொஞ்சமாக விலக, இத்தனை வருஷமாக ஊர் பார்த்தும் பார்க்காமல் விட்ட ஒரு முகம் துண்டுதுண்டாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது. பூரணம் மூச்சை அடக்கி நின்றாள். தங்கையாவின் காதும் உதடும் அவள் கண்ணெதிரே கரைந்தன. அவன் துரோகி இல்லை என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. அதோடு சேர்ந்து அவன் இல்லை என்பதும் விளங்கிவிட்டது.

"இனி கண்ணு" என்று ஞானப்பூ ஆரம்பித்ததும் பூரணம் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"கண்ண விட்டுரு தாயி" என்றாள். "ஒன் காலப் பிடிக்கேன். கண்ண மட்டும் சொல்லாத."

ஞானப்பூ சொல்லவில்லை.

பூரணம் இஞ்ஞாசியின் முன்னால் போய் நின்றாள். முகம் முழுக்க யாரோ ஒரு கண்டக்டர். அதற்குள் இரண்டு கண்கள் மட்டும் தங்கையா. அந்தக் கண்களிடம் அவள் பேசினாள். அடுப்பங்கரை ஓடு மாற்றியதைச் சொன்னாள். மகள் வீட்டுக்காரர் கோவில்பட்டியில் ஒர்க்ஷாப் வைத்திருப்பதையும், பேத்தி பிறந்திருப்பதையும், அவளுக்குத் தாத்தாவின் பிடிவாதம் அப்படியே இருப்பதையும் சொன்னாள். லாரி கிளம்பின அன்றைக்குத் தான் கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டதைச் சொன்னாள், அப்போது மட்டும் குரல் உடைந்தது. இஞ்ஞாசி ஒன்றையும் மறுக்கவில்லை, தங்கையாவுக்காக ஒன்றையும் பதில் சொல்லவுமில்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின், "கேட்டுக்கிட்டேம்மா" என்றார் தன் சொந்தக் குரலில். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, அவர் கன்னத்தைப் பார்த்து, "பலமா அடிச்சிட்டேனா?" என்றாள்.

"பரவால்லம்மா" என்றார் இஞ்ஞாசி. அவர் காது சிவந்தது. ஊர் முழுக்க அதைப் பார்த்துச் சிரித்தது. அவரை எல்லாரும் ஒன்றுபோல, ஒரே ஆளாகப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஞானப்பூ பூரணத்தைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், சாளைமீன் குழம்பும் சோறும் போட்டாள். இருவரும் சமையல்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. பொழுது இறங்குமுன் லியோ பஸ்ஸை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து அவளை ஏற்றிக்கொண்டு போனான். டவுனில் விளாத்திகுளம் பஸ் கிளம்புகிறவரைக்கும் நின்று கையாட்டிவிட்டுத்தான் வந்தான்.

அதற்கப்புறம் இலந்தைவிளை இன்னொரு தடவை பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. முகம் கண்டக்டருடையதும் கண் அவரவர் ஆளுடையதுமாக இருப்பது முதலில் சிலருக்குச் சங்கடமாக இருந்தது, பிறகு சரியாகிவிட்டது. மதலேனம்மா நாலுநாள் கோபமாக இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் பஸ் நிற்குமிடத்துக்குக் கிழங்கோடு வந்து, அவர் கண்ணைப் பார்த்துவிட்டு, "சரி, இதாவது இருக்கே" என்று கொடுத்துவிட்டுப் போனாள். சில்லறைச் சண்டை திரும்பி வந்தது, ஆனால் இரண்டு வார்த்தைக்கு மேல் போவதில்லை, ஏனென்றால் இரண்டாவது வார்த்தைக்குள் யாராவது அவர் கண்ணைப் பார்த்துவிடுவார்கள். தம்மாமிலிருந்து வெல்டர் லீவில் வந்தபோது அவர் மகள் பஸ்ஸுக்குள் அவரை இழுத்துக்கொண்டு வந்து, இஞ்ஞாசியின் முன்னால் நிறுத்தி, இருவர் கண்ணையும் மாற்றிமாற்றிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டினாள். கண்டக்டர் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. கூட்டத்தில் எங்கே நின்றாலும் அந்த உருண்டை மூக்கும் வெட்டுப் புருவமும் எல்லாருக்கும் தெரிந்தன. கல்யாண வீட்டில் அவருக்கு ஒரே ஒரு தடவை சந்தனம் நீட்டினார்கள்.

பூரணம் போன அன்று சாயங்காலம் இஞ்ஞாசி எங்கும் நிற்காமல் வீட்டுக்கு வந்தார். தோல்பையை ஆணியில் மாட்டினார். ஞானப்பூ முற்றத்தில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் அவள் எதிரில் போய் நின்றுகொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு, ஊருக்கெல்லாம் விட்டுக்கொடுத்துவிட்ட அந்த ஒன்றைப் பற்றிக் கேட்டார்.

"மத்தது எல்லாஞ் சொன்ன. கண்ணு எப்படியிருக்குன்னு சொல்லலியே. இப்ப யாரும் இல்ல, எங்கிட்டச் சொல்லேன்."

ஞானப்பூ குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவர் கண்ணை நேராக, அவசரமில்லாமல் பார்த்தாள்.

"பசிக்குது ஒங்களுக்கு" என்றாள். "கையக் கழுவிட்டு வாங்க."